பிளானில் காணாமல்போன என் அறை

எங்கள் தீப்பெட்டி ஆபீஸைப் புதுப்பிக்கும் பிளானில் மேனேஜரான என் அறையைக் காணோம் என்றதும், வேலையே போச்சு என்று நம்பிவிட்டேன். பதறிப்போய்ச் சாமி படம், மேசை ஃபேன், டிபன் கேரியர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாசல்வரை இழுத்தும் வந்துவிட்டேன்!

இன்ஜினியர் மறித்தார். "எங்க கிளம்புதீங்க அண்ணாச்சி? கரிசல் மண்ணு இறங்கிக் குறுக்குச்சுவரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. இடிச்சிட்டு ஒரே ஹாலா ஆக்குதோம். இப்ப எல்லா ஊர்லயும் இப்படித்தான் கட்டுதாவ."

"அப்ப முதலாளி ரூம்?"

"அவியளுக்கும் கிடையாது."

பிளானைப் பிடுங்கிப் பார்த்தேன். நிஜம்தான்! சாக்கோடு துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

இப்போது முதலாளி மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. மத்தியானத் தூக்கம்தான் நின்றுவிட்டது.