கோடு இல்லாத நெருப்பு

தின்னர் வாசனை மூக்குல ஏறினா, இன்னிக்கும் பாபநாசம் பக்கம் பிரபு வீட்டு டிராக்டர் கொட்டாய்தான் ஞாபகம் வருது மக்களே...

அப்போ நாங்க பிளஸ் ஒன். பிரபு அப்பா குத்தகைக்கு உழுதுட்டிருந்த நிலத்துல நாலுவழிச் சாலைக்குக் கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கு மறுநாள் தஞ்சாவூர்ல நிலம் எடுக்கறதுக்கான விசாரணை. நிலம் போற குத்தகைக்காரங்க எல்லாரும் அவர் டிராக்டர் பின்னாடி ஊர்வலமா போறதா ஏற்பாடு.

"முன்னாடி போற வண்டிடா... கோவம் தெரியணும்"னான் பிரபு.

அதான் டிராக்டரோட நீல பானெட்ல சிவப்பும் ஆரஞ்சுமா நெருப்பு வரைஞ்சோம். நெருப்பு அவன் வேலை. அதைச் சுத்தி மெல்லிசா ஓரக்கோடு இழுக்கறது, அதாவது பின்ஸ்ட்ரைப், என் டிபார்ட்மெண்ட். நீள முடி பிரஷ், மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு. வாழ்க்கையில நான் கோட்டைத் தாண்டாம இருந்த ஒரே எடம் அதுதான்.

நெருப்போட ஒரு நாக்கைச் சுத்திக் கறுப்புல கோடு முடிச்சேன். பிரபு அப்பா வந்து பார்த்தார். எனக்கு அவர் மாமா.

"டேய், சிவப்புக்குக் கறுப்பா? கட்சி வண்டின்னு பாதிப் பேர் வரமாட்டான்டா."

துடைச்சேன். கறுப்பு முழுசா போகல. அது மேலயே வெள்ளை இழுத்தேன்.

"போச்சு. இப்போ எதிர்க்கட்சி."

மஞ்சள்... அதுக்கும் ஒரு கட்சி இருந்துச்சு. பச்சை...

"எந்தச் சங்கம்னு கேப்பாங்க. பச்சைத் துண்டுலயே இங்க ரெண்டு சங்கம்டா."

"ஒரே மத்தியானத்துல இத்தனை தடவை மாறிட்டோம் மாமா, மந்திரி பதவியே கேக்கலாம்"னேன்.

எப்பவும் சிரிப்பார். அன்னிக்குச் சிரிக்கல.

"கோடே வேண்டாம். எனக்கு எல்லாரும் வரணும்டா."

துடைச்சுட்டேன். ஓரக்கோடு இல்லாத நெருப்பைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா... துரு மாதிரி இருந்துச்சு.

எல்லாரும் வந்தாங்க. அதைச் சொல்லியாகணும். எல்லாக் கலர் துண்டும் அந்தத் துரு பின்னாடி வந்துச்சு.

நானும் பிரபுவும் விசாரணை ரூம் கதவோரம் நின்னோம்.

"பட்டா யார் பேர்ல?"ன்னார் ஆபீசர்.

"சாகுபடி நான்தாங்க."

"பட்டா யார் பேர்லன்னு கேட்டேன்."

நிலத்துக்காரர் சென்னையிலேர்ந்தே சம்மதம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாராம். அவ்வளவுதான்... அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. உழுறவனுக்கே நிலம்னு எழுதாத சுவரு எங்க பக்கம் கிடையாது. அந்த ரூம் சுவர்ல காலண்டர் மட்டும்தான் இருந்துச்சு.

இப்போ டிராக்டர் மயிலாடுதுறை பக்கம் யார்கிட்டயோ. பிரபு திருப்பூர்ல. மாமா தஞ்சாவூர்ல ஒரு கடைக்கு வாட்ச்மேன். நான் காலேஜுக்குப் போற பஸ்லதான் அவரும் வர்றார், அந்தப் புது ரோட்டு வழியா.

வயல் இருந்த எடம் நெருங்கினா கண்ணை மூடிக்குவார்.

அப்புறம் கண்ணைத் திறக்காமலே கேப்பார்.

"தாண்டிருச்சாடா?"

"இன்னும் இல்ல மாமா... தூங்குங்க."