ஐஸ்கிரீம் குடோனில் ஒரு கோட்டு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம். வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே, காரமடை பக்கம் ஓர் ஐஸ்கிரீம் குடோனின் குளிர் அறையில், நான், அக்கா, மாமா, கடைக்காரர் ரஃபீக் பாய் – நான்கு பேரும் குளிர்காலக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

என்ன வேண்டுதல் என்று கேட்கிறீர்களா?

என் அக்கா சரசுவின் மகள் நித்யா கனடாவில் இருக்கிறாள். தை மாதம் தலைப்பிரசவம். அக்காவுக்கும் மாமாவுக்கும் விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் அக்கா பிடி கொடுக்கவே இல்லை.

"அந்த ஊர்க் குளிரு எனக்கு ஆகாது தம்பி. இப்ப சம்பந்தியம்மா போகட்டும். நான் வெயில் காலத்துல போயிக்கறேன்."

இதைக் கேட்டு நித்யா போனில் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிம்மா, உன் இஷ்டம்" என்றாளாம். அந்த 'சரி'தான் எனக்கு உறுத்தியது.

"நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிக் குடுத்துப்போட்டா கெளம்பிருவாடா மாப்ளே" என்றார் மாமா.

உக்கடத்தில் ரஃபீக் பாயின் கடைக்குப் போனோம். ஊட்டி, குன்னூர் போகிறவர்களுக்கு ஸ்வெட்டரும், வெளிநாடு போகிறவர்களுக்குக் கோட்டும் விற்கிறவர். மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று, லெதர் மாதிரியே பளபளக்கும் ஒரு சமாச்சாரம். விலை மலிவு. இரண்டாவது, கனத்த கம்பளிக் கோட்டு. விலை நடுவாந்தரம். மூன்றாவது, தலையணை போல உப்பியிருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. விலைச் சீட்டில்தான் கனம்.

"உள்ள வாத்து எறகுங்க. அதான் வெல."

மாமா கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "எறகுக்கா பாய் இந்த வெல? எங்க பண்ணையில கூட்டித் தள்ளறமே…"

"மைனஸ் முப்பது தாங்குமுங்க."

"நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கோயமுத்தூர்ல எங்கீங்க போட்டுப் பாக்கறது?" என்று சிரித்துவிட்டார் பாய். "நெசத்தச் சொன்னா, இத்தன வருசமா விக்கறேன்… ஒரு நாள்கூடக் குளுந்ததில்லீங்க."

நியாயமான பதில். ஃபேன் காற்றில் நின்றுகொண்டு கோட்டின் கதகதப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை உதித்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் ஐஸ்கிரீம் ஏஜென்சி எடுத்திருக்கிறார். அவருடைய குடோனில் எப்போதும் மைனஸ் பதினெட்டு! கனடாவுக்குத் தம்பி முறையாவது வருமே!

பாய்க்கும் ஆசை வந்துவிட்டது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, மூன்று கோட்டோடு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு எங்கள் காரிலேயே ஏறிவிட்டார்.

கதவு சாத்தியதும் முதல் பலி நான்தான். என்னுடைய லெதர் மாதிரி கோட்டு கொஞ்ச நேரத்தில் அப்பளமாக விறைத்தது. கையை மடக்கினால் நொறுங்கிவிடுமோ என்று பயந்து, பொம்மை மாதிரி நின்றேன். இறகுக் கோட்டுக்குள் மாமா சொகுசாக இருந்தார். பாய், வாயிலிருந்து வரும் புகையை ஊதி ஊதி ரசித்துக்கொண்டிருந்தார்.

கம்பளிக் கோட்டில் இருந்த அக்கா மட்டும் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளுருதா சரசு?"

"எனக்குக் குளுந்தா குளுந்துட்டுப் போகுதுங்க" என்றார் அக்கா. "கை வெறச்சுப்போயி, கொழந்தையக் கீழ போட்டுப்போட்டேன்னா…?"

இத்தனை நாளும் சொன்ன காரணங்களுக்கெல்லாம் அடியில் இருந்தது இதுதானா? இதைக் கேட்காமல் நாங்கள் வாத்து இறகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம்!

மாமா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சுருட்டி, குழந்தை மாதிரி அக்காவின் கையில் கொடுத்தார். "இந்தா, புடிச்சுப் பாரு."

அக்கா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். தோளில் போட்டுத் தட்டினார். கை மாற்றினார். பிறகு மாமாவின் கோட்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். லேசாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து வரைக்கும் இரும்பு ஜிப். அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, வெடுக்கென்று எடுத்தார்.

"ஐயோ, ஊசி மாதிரி குத்துது. பிஞ்சுக் கன்னத்துல பட்டா என்னாகறது? எனக்கு அந்தக் கம்பளிக் கோட்டே போதும். கனமா இருந்தாலும் பட்டன்தான். கையும் வெறைக்கல."

"அப்ப போலாமுங்களா அம்மணி?" என்றார் பாய்.

"டிக்கெட்தான் போட்டாச்சே!" என்றார் அக்கா, என்னமோ நாங்கள்தான் தடுத்து வைத்திருந்த மாதிரி.

போனார்கள். பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

போன வாரம் வீடியோ காலில் அக்கா வந்தார். பின்னால் ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. அக்கா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"காத்தாட ஒரு நட நடந்துட்டு வாரேன் தம்பி" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஊட்டுக்குள்ள ஹீட்டரு வெச்சு வேக வெக்கறாங்க. கொழந்தைக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கறேன். நித்யாகிட்டச் சொல்லிப்போடாத."

அக்கா போனதும் நித்யா போனை எடுத்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மாவுக்குக் குளிருமேன்னு ஹீட்டரை ஏத்தி வெச்சிருக்கேன் மாமா. எங்களுக்குத் தாங்கல. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

நான் இருவரிடமும் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் தொண்டை வறளக் கத்தியும் அசையாத அக்கா, இப்போதுதான் தினமும் நடக்கிறார்!