கை தட்டுகிற அத்தை

என் அப்பாவின் அக்கா ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. பின்னால் சூப்பர்வைசர் நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். படுக்கைவிரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். சுருக்கமே இல்லையென்றால்? ஒரு வார்த்தை வராது. அடுத்த விரிப்பு வரும்.

வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி டிவி முன் உட்கார்ந்துவிடுவாள். சீரியல் வேண்டாம், பாட்டு வேண்டாம். திரையில் யாராவது சுவர் கட்ட வேண்டும், படகுக்குப் பலகை அடிக்க வேண்டும். "மெதுவாடா, அந்த ஓரத்தைப் பாரு" என்று டிவிக்குள் இருப்பவனை அதட்டுவாள். வேலை முடிந்ததும் கை தட்டுவாள். வீட்டில் இதுதான் கேலி.

அன்று அப்பா டிவியைத் தன் அறைக்குத் தூக்கிப் போக வந்தார். கால்பந்துப் போட்டிகள் தொடங்கியிருந்தன.

"நாள் பூரா வேலை செய்யறே. வீட்டுக்கு வந்தும் ஊரான் வேலையையா பார்க்கணும்? பைத்தியமாக்கா உனக்கு?"

"நீ பந்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு? எவனோ ஓடறான், உனக்கு மூச்சு வாங்குது. அது பைத்தியம் இல்லையா?"

"விளையாட்டு வேற, வேலை வேற."

அப்பாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். ஒயரைப் பிடுங்கினார். அத்தை எழுந்து வந்து மறுபடி செருகினாள்.

"கோல் போட்டவனுக்கு நீ குதிக்கறே. நான் தேய்ச்ச விரிப்புக்கு என்னைக்காவது யாராவது கை தட்டியிருக்காங்களா? பார்க்கறவன் எல்லாம் குறை சொல்லத்தான் பார்க்கறான். நல்லா செஞ்சவனைப் பார்த்து நானாவது தட்டறேன். டிவி இங்கேதான் இருக்கும். வேணும்னா நீயும் உட்காரு, இல்லாட்டி போ!"

அப்பா வெறுங்கையோடு தன் அறைக்குப் போனார். டிவி நகரவில்லை. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் அத்தை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். ஒரு பெரிய விரிப்பைத் தேய்த்து, கடைசி மடிப்பையும் அழுத்தி, அடுக்கின் மேல் வைத்தாள். ஒரு சுருக்கம் இல்லை. நாற்காலியிலிருந்து சத்தமே வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் படபடவென்று கை தட்டினேன்.

மற்ற இஸ்திரிப் பெட்டிகள் அப்படியே நின்றன. சூப்பர்வைசர் பாதி எழுந்து, "என்னம்மா இது?" என்றார்.

அத்தை தலை நிமிரவில்லை. அடுத்த விரிப்பை இழுத்து மேசைமேல் விரித்தாள்.

"இன்னும் உரக்கத் தட்டுடி. சாருக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை, காதுதான் கொஞ்சம் மந்தம்."