நுழையக் கூடாத முனை

நாங்கள் செய்வது துப்பாக்கி இல்லை. வீட்டில் எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். துப்பாக்கிக்குள் விசைக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு சின்ன இரும்புத் துண்டு, அதில் ஒரு துளை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் மெஷின் அந்தத் துளையைப் போடும். அது போட்டது சரியா என்று, பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட நான் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்படி இந்த வேலையை என்னிடம் விட்டார்களோ!

பார்க்கிறதுக்கு ஒரு கேஜ், அளவுகோல். பேனா மாதிரி, இரண்டு முனை. பச்சை வளையம் போட்ட முனை துளைக்குள் நுழைய வேண்டும். சிவப்பு வளையம் போட்ட முனை நுழையக் கூடாது. நுழைந்தால் துளை பெரிசு, துண்டு கழிவு.

போன வருஷம் ஆயுத பூஜை கழிந்து மெஷின் ஓட்டிய முதல் நாள். பச்சை முனை எந்தத் துளையிலும் போகவில்லை. பக்கத்து மேசையில் சோதனை பார்க்கும் கல்வராயன் மலைப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பூஜையில வச்ச சந்தனம் காஞ்சிக்கினு கெடக்குதுண்ணே. தொடைங்க."

துடைத்தேன், போனது. அதற்கப்புறம் இரண்டு பேரும் அந்தக் கேஜை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எல்லாத் துண்டையும் பாஸ் பண்ணினோம்.

மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. சிவப்பு முனையை யார் துடைத்தது? அது நுழையாத வரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டோம். துளை சரியாக இருந்து நுழையவில்லையா, சந்தனம் தடுத்து நுழையவில்லையா? ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்பு வளையத்தை ஒட்டி முனையில், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. சிவப்போடு சிவப்பாகக் குங்குமம் தனியே தெரியவில்லை.

வெளியே சரக்கு ஏற்றிய வேன் நின்றது. சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"இன்னாய்யா, காலையில பாஸுன்ன. இப்ப பெயிலுன்றியா?"

"பெயிலுன்னு சொல்லலைங்க. தெரியலைங்க."

"தெரியலைன்னு சீட்டு எழுதி ஒட்டவா? மெஷின் தப்பு பண்ணாதுய்யா. உனுக்குத்தான் பயம் ஜாஸ்தி."

மலைப் பெண் குறுக்கே வந்தாள். "எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு வெரலு இல்லைங்க சார். பன்னி வெரட்ட எடுத்த துப்பாக்கி கையிலயே வெடிச்சிருச்சி."

"அது நாட்டுத் துப்பாக்கிம்மா. இது கம்பெனிது."

"வெரலுக்கு அது தெரியாதுங்களே சார்."

அவர் டிரைவரைக் கூப்பிட்டு, டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

பெட்டிகளை இறக்கிப் பிரித்தோம். சுத்தமாகத் துடைத்த சிவப்பு முனை எதிலும் போகவில்லை. நான் வீணாகக் கலவரம் பண்ணிவிட்டேனோ என்று கூசிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பெட்டியில் ஒரு துண்டு. முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. சூப்பர்வைசர் வாங்கித் தானே போட்டுப் பார்த்தார். திரும்பவும் போட்டார். அப்புறம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது மட்டும் எப்பிடி?" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்" என்று அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

இந்த வருஷப் பூஜையில் கேஜுக்குப் பொட்டு வைக்க நான் விடவில்லை. அது சாமி குத்தமாகிவிடுமோ என்று அப்புறம் ஒரு பயம். கடைசியில் அதன் டப்பாவுக்கு மட்டும் வைத்தோம். அப்படியும் வேலை தொடங்கின அன்றைக்கு இரண்டு முனையையும் துடைத்தேன். துடைத்தேனா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் சிவப்பை எடுத்துத் துடைத்தேன்.