மூன்று கோட் பெயின்ட்டில் காணாமல் போன நம்பர்

மண்ணெண்ணெயில் ஊறும் நட்டு போல்ட்டுக்கு ஒரு வாசனை உண்டு... அதுவும் அம்மாவின் மாங்காய் ஊறுகாய் ஜாடியில் ஊறினால் கேட்கவே வேண்டாம். துருவும் மிளகாய்த்தூளும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

ஆவணி, புரட்டாசிதான் கார்காலம் என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தார். எங்கள் சேலையூர் வீட்டில் அந்த வருடம் ஏப்ரலும் மேயும்தான் கார் காலம்.

மூன்று வருடம் இருக்கும் மச்சான்ஸ். நான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் இருப்பவர்களுக்குத் தினமும் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். ஜெனி அக்கா என்ஜினீயரிங் முடிக்கப் போகிற நேரம். ஷெட்டில் ஒரு ஹெரால்டு கார். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெருங்களத்தூர் பக்கம் அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் பிறந்த, நம்ம ஏரியா பிள்ளை. நாலு வருடமாக நகரவில்லை. எலிதான் குடும்பத்தோடு அதில் பயணம் போய்க்கொண்டிருந்தது.

அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஜூன்ல ஆர்.சி. முடியுது. புதுப்பிச்சிட்டா வண்டி நிக்கட்டும். இல்லைன்னா காயலான் கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், வந்து தூக்கிட்டுப் போயிடுவார்."

அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். அவ்வளவுதான். இரண்டு மாதம் அவளை நாங்கள் முழங்கைக்கு மேல்தான் சுத்தமாகப் பார்த்தோம்.

இரும்புலியூர் மெக்கானிக் தாஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பிரேக், கார்புரேட்டர், வயரிங்... எல்லாம் அவரும் அக்காவும். எனக்குக் கிடைத்த வேலை, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் அடிப்பாகத்துக்கும் துரு பிடிக்காத கறுப்பு பெயின்ட்.

"இவனா? இவன் எதையாச்சும் முழுசா முடிச்சிருக்கானா அண்ணா?" என்றாள் அக்கா.

"அடிக்கட்டும் விடு பாப்பா. தம்பி, ஒரு இடம் விடக் கூடாது, இன்னா?" என்றார் தாஸ் அண்ணன்.

விடவில்லை. ரோஷத்தில் மூன்று கோட். அக்கா படுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடா" என்றாள். அவள் அகராதியில் அது தேசிய விருது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை. பதினொரு மணிக்கு வண்டியோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு அக்கா ஒரு வெள்ளைப் பேப்பரும் பென்சிலுமாக வந்தாள். இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சை ஃபாரத்தோடு கொடுக்க வேண்டுமாம். சின்ன வயதில் நாணயத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே கலை.

ஹெரால்டின் முன்பாதி முழுவதும் முதலை வாய் போலத் திறக்கும். அக்கா உள்ளே குனிந்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

"டேய் சாமு... நம்பர் எங்க?"

"அங்கதான்..."

"விளையாடாதடா. ஸ்டிக்கர் ஏதாச்சும் ஒட்டி மறைச்சிருந்தா மரியாதையா எடுத்துடு. இன்னைக்கு வேணாம்டா, ப்ளீஸ்."

என் வாழ்நாளில் முதல் தடவை, அது பிராங்காக இருக்கக் கூடாதா என்று நானே ஏங்கினேன். இரும்புச் சட்டம் கறுப்பாக, வழவழவென்று, தார் ரோடு மாதிரி மின்னியது. ஒரு இடம் விடவில்லையே நான்!

தாஸ் அண்ணனுக்கு போன் போட்டோம். மறுமுனையில் அலறல்.

"பிளேடு கிளேடு வெச்சிராதப்பா! நம்பர் மேல ஒரு கோடு வுழுந்தாலும் மாத்தி அடிச்ச வண்டின்னு எழுதிடுவான். தின்னரைப் பஞ்சுல தொட்டு ஒத்தி ஒத்தி எடு. ஐஸ் குச்சியால சுரண்டு. அவசரப்படாத."

அவசரப்படக் கூடாது... மணி எட்டரை.

அக்கா ஒத்தினாள். நான் ஐஸ் குச்சியைச் சீவிச் சீவிச் சுரண்டினேன். அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒவ்வொரு எண்ணாக, குளத்தில் இருந்து தலை தூக்குவது போல வந்தது. கடைசி எண்ணில்தான் சிக்கல். ஆர்.சி.யில் எட்டு, சட்டத்தில் மூன்று.

"எட்டுதான்டா. இடது பக்கம் பெயின்ட் அடைச்சிருக்கு," என்றாள். பஞ்சைக் கீழே போட்டாள். "போச்சுடா..."

"இரு அக்கா. இதையாச்சும் முழுசா முடிக்கிறேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் அந்த ஒரே வளைவு. பேப்பரை வைத்துத் தேய்த்தோம். சாம்பல் நிறத்தில், முழு எட்டு. அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே கையால் தடவியும் கொடுத்தாள். தலை முழுக்கத் தின்னர்.

பத்து ஐம்பதுக்கு ஆபீஸ். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த இடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு?"

அக்கா மறைக்கவில்லை. "என் தம்பி நம்பர் மேலயே பெயின்ட் அடிச்சிட்டான் சார். காலைல உக்காந்து அவன்தான் எடுத்தான்."

அவர் பேப்பரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவினார். கடைசி எண்ணில் விரல் நின்றது. எனக்கு மூச்சும்.

"உங்க வீட்ல ரொம்ப நல்லா வேலை செய்யிறீங்கம்மா," என்றபடி கையெழுத்துப் போட்டார்.

வெளியே நின்ற அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்து, "அண்ணே, வண்டி வராது... ஆமா, ஓடுது," என்று மட்டும் காயலான் கடைக்காரரிடம் சொன்னார். ஜி.எஸ்.டி. ரோட்டில் அக்கா ஓட்டி வந்தாள். பஸ்காரர்கூட வழிவிட்டார்.

இப்போது ஜெனி அக்காவுக்குப் புனேயில் வேலை. எனக்கு லைசென்ஸ் வந்தாயிற்று. காட்டாங்குளத்தூர் காலேஜுக்கு எலக்ட்ரிக் ட்ரெயின், ஞாயிறானால் ஹெரால்டு. அப்போது ஸ்டியரிங்கைத் தொட்டாலே, "கைய எடுடா" என்று சத்தம் வரும். இப்போது முழு வண்டியும் என் கையில். கையை எடுக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

அக்கா ஐந்தடி. டிரைவர் சீட் இன்னும் அவள் அளவுக்கு முன்னால் தள்ளியே இருக்கிறது. ஆறடி நான் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கும். கேம்ப் ரோடு சிக்னலில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சீட்டைப் பின்னால் தள்ள ஒரு லிவர் இருக்கிறது... நன்றாகவே வேலை செய்கிறது.