பக்கத்து இருக்கையின் பெல்ட்

மெர்வின் செட்சலிடம் வந்து சேர்ந்த எந்தப் பொருளும் நிம்மதியாக இருந்ததில்லை. குடை சரியாக விரியாவிட்டால் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். பிஸ்கட் பாக்கெட்டில் உடைசல் அதிகம் என்றால் அந்த உடைசலைத் தனியே பொட்டலம் கட்டி, காரசாரமான ஒரு கடிதத்தோடு தபாலில் அனுப்பிவிடுவார். ரிட்டயர் ஆகும்வரை சர்க்கரை ஆலையில் லாரிகளை எடை போட்ட மனிதர். எதிலும் ஒரு இம்மி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அவருடைய பெரிய பொழுதுபோக்கு ரோட்டுப் பள்ளங்கள். ஊருக்கும் டவுனுக்கும் நடுவே பதினெட்டடி ஆறு ஓடுகிறது. மனிதன் வெட்டிய ஆறு என்பதால் வளைவே கிடையாது. அதன் கரையை ஒட்டிப் போகும் ரோடு கரி மண்ணின் மேல் கிடப்பது. வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், கார் போனால் படகில் போவதுபோல் ஆடும். மெர்வின் மத்தியானம் கரையோரம் நடப்பார், பள்ளத்தைக் கண்டால் அளவுக்குத் தன் பிளாஸ்க் மூடியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார், கவுன்சிலுக்கு அனுப்புவார். பிறகு காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, டீயும் முட்டை சாண்ட்விச்சுமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆற்றங்கரைக்கு வருகிற எல்லோரும் அங்கே அப்படித்தான் செய்வார்கள். ஆறு வெளியே, மனிதர்கள் உள்ளே.

அவர் மனைவி பெரில் உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பாள். அந்த ரோட்டில் இருவருக்கும் ஒரே ஒரு சண்டை, நாற்பது வருஷமாக அதே சண்டை. பெரில் கரையில் பிறந்தவள். கரைக்காரர்கள் ஆற்றோரம் போகும்போது பெல்ட் போடமாட்டார்கள், பனி கொட்டினாலும் ஜன்னலை இறக்கித்தான் வைப்பார்கள். கார் தண்ணீரில் விழுந்தால் வெளியே வரவேண்டுமே. கரை ரோடு தொடங்கும் பம்ப் ஹவுஸைத் தாண்டியதும் கழற்றுவாள், அது முடியும் பாலம் வந்ததும் மாட்டுவாள்.

“சட்டம்னு ஒண்ணு இருக்கு பெரில்.”

“ஆத்துக்குச் சட்டம் தெரியாதுப்பா. நீயும் கழட்டு. உன்னை முடிஞ்ச மூட்டையா தண்ணிக்குள்ள தேட என்னால ஆகாது.”

அவர் கழற்றியதே இல்லை. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பெரில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். பழைய காரில் அவள் வாசனை இருந்தது. அதைத் தாங்க முடியாமல் அவர் விற்றுத் தொலைத்துப் புதுக் கார் வாங்கினார். அந்தக் காரில் பெரில் ஒரு நாளும் உட்காரவில்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இந்த நவம்பரில்தான் அது ஆரம்பித்தது. பம்ப் ஹவுஸைத் தாண்டியதும் டிங், டிங் என்று சத்தம். பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இருக்கையில் ஒரு தொப்பிகூட இல்லை. பாலத்தில் ஏறியதும் சத்தம் தானாக நின்றது. மறுநாளும் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே.

மெர்வினுக்குப் புகார் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. வாரண்டி முடிய இன்னும் சில வாரம்தான் இருந்தது. அதற்குள் பழுதைச் சரி செய்யாவிட்டால் ஆயுசுக்கும் இந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, ஒரு முட்டை வெந்து ஆறும் நேரத்துக்கு வயலின் வாசித்தது. நேரிலேயே போனார். சர்வீஸ் கவுண்டரில் கார்லி என்ற பெண் இருந்தாள்.

“செட்சல் சார், டவுனைச் சுத்தி ஓட்டிப் பாத்துட்டாங்க. ஒண்ணுமே வரலை.”

“டவுன்ல எதுக்கும்மா ஓட்டுறீங்க? ஆத்தோரம்தான் வருதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.”

“அந்த ரோட்டுக்கு எங்க மெக்கானிக் வரமாட்டேங்கிறாரு சார். ஒண்ணு பண்ணுங்க, அந்த பெல்ட்டைச் சும்மா மாட்டி விட்டுருங்க. சத்தம் நின்னுரும். எல்லாரும் செய்றதுதான்.”

“ஆளே இல்லாத சீட்டுக்கு நான் ஏம்மா பெல்ட் போடணும்? செத்தாலும் போடமாட்டேன்.”

சொன்னபடியே போடவும் இல்லை. ஒரு சாயங்காலம் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது பக்கத்து இருக்கையின் ஜன்னல் மட்டும் உள்ளே இருந்து பனித்தது. கண்ணாடி முழுவதும் இல்லை, ஒரு முகத்தின் உயரத்தில் ஒரு சின்ன வட்டம். கைக்குட்டையால் துடைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மறுபடி பனித்தது, சுருங்கியது, பனித்தது. யாரோ மூச்சு விடும் தாளத்தில். டீயைத் திரும்பப் பிளாஸ்க்கிலேயே ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பம்ப் ஹவுஸில் தொடங்கிப் பாலத்தில் முடிகிற சத்தம் யாருடையது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் பயமாக இருந்தது. பழுது என்றால் அதற்குக் கம்பெனி பதில் சொல்லும், இதற்கு யார் பதில் சொல்வார்கள்? இன்னும் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார்.

வாரண்டி முடிகிற வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. இருக்கைக்கு அடியில் ஆள் இருப்பதை அறியும் சென்சாரையே மாற்றிக் கொடுத்தார்கள்.

“ஜெயிச்சுட்டீங்க சார்” என்று சிரித்தாள் கார்லி.

நாலு மணிக்கே வெளிச்சம் மங்குகிற டிசம்பர். மெர்வின் பம்ப் ஹவுஸைத் தாண்டினார். சத்தம் இல்லை. விளக்கு இல்லை. சர்க்கரை ஆலைக்கான பீட் கிழங்கு பிடுங்கிய கருப்பு வயல்களில் வெள்ளை அன்னங்கள் அசையாமல் நின்றன. இடது பக்கம் ஆறு ரோட்டை விட உயர்ந்ததுபோல் நிரம்பிக் கிடந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்த சந்தோஷம் ஒரு மைல்கூடத் தாங்கவில்லை. அந்த அமைதி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் வெறுமையாகக் கிடந்த அன்றைக்கு அழாத மனிதர் இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாசலுக்கு வந்தவளைக் கதவடைத்து அனுப்பிவிட்டோம் என்று நினைத்தார்.

“தப்புப் பண்ணிட்டேன் பெரில். கோவிச்சுக்காத” என்றார், காலி இருக்கையிடம். அவளுக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கினார். பெல்ட்டை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. சட்டம் சட்டம்தானே.

டிங், டிங்.

பதறிப்போய் இடது பக்கம் திரும்பினார். அங்கே விளக்கு இல்லை. எரிந்தது அவருடைய விளக்கு. நெஞ்சைத் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது இழுத்து மாட்டிய பெல்ட் தோளுக்கு மேலே சுருண்டு போயிருந்தது. பனிக்காற்று முகத்தில் அடித்தது. அவர் கையை மேலே நீட்டிய நேரம், எதிரே ஒரு பீட் லாரியின் வெளிச்சம் வந்தது.

ஒற்றை ரோடு. லாரிக்காரன் விளக்கை ஒரு முறை சிமிட்டி, நீ ஒதுங்கிக்கொள்வாயா என்று கேட்டான். மெர்வின் வழக்கப்படி கரைப் பக்கமாக ஒதுங்கி நின்றார். லாரி கடக்கும்போது டிரைவர் ஒரு கையைத் தூக்கி நன்றி சொன்னான். பதிலுக்குக் கை தூக்காவிட்டால் மெர்வினுக்கு அன்றைய சாப்பாடு செரிக்காது. பெல்ட்டைத் தேடிய கையை எடுத்து, மரியாதையாகத் தூக்கிக் காட்டினார். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, அடியில் கரை பெயர்ந்தது. கார் பக்கவாட்டில் சரிந்து ஆற்றில் விழுந்தது.

விழுந்த வேகத்தில் இடது பக்கம் முதலில் மூழ்கியது. இறக்கியிருந்த ஜன்னல் மேலே இருந்தது. கட்டிப் போட பெல்ட் இல்லாததால் உடம்பு தானாகவே அதை நோக்கி மிதந்தது. கீழிருந்து யாரோ பின்பக்கம் முட்டுக் கொடுத்துத் தள்ளினாற்போல் இருந்தது என்று பின்னால் சொன்னார். லாரிக்காரன் சுமை கட்டும் பட்டையை வீசி, அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஒரு போலீஸ்காரியும் வந்தாள். கம்பளி போர்த்தினார்கள், இனிப்பு டீ கொடுத்தார்கள். காரை எடுக்காமல் நகரமாட்டேன் என்று மெர்வின் அடம் பிடித்தார். மழைக்காலத் தண்ணீர் காரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. கிரேன்காரன் டேரன் கயிறு கட்டித் தூக்கி, அதைத் தண்ணீர் ஒழுக ஒழுக ரோட்டில் வைத்தான். உள்ளே டார்ச் அடித்துக் கையை விட்டுத் துழாவியவன் அப்படியே நின்றுவிட்டான்.

“பெரியவரே, உங்க கூட வேற யாரு வந்தது?”

“யாரும் இல்லப்பா.”

“நெசமாத்தான் சொல்றீங்களா? இந்தப் பக்கத்து சீட்டு பெல்ட்டு மாட்டியிருக்கு. இறுக்கமா இருக்கு, ஆள் உக்காந்திருக்கிற மாதிரி. கழட்டிப் பாத்தேன், வரமாட்டேங்குது.”

போலீஸ்காரி தன் டார்ச்சைத் தண்ணீர் பக்கம் திருப்பினாள். லாரிக்காரன் சிலுவை போட்டுக்கொண்டான்.

மெர்வின் காரைப் பார்க்கவில்லை. அதைத் தூக்கி எடுத்த இடத்தைப் பார்த்தார். ஆறு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்த இடத்தில், கருப்புத் தண்ணீருக்கு மேலே, பாலத்தின் முதல் தூண் நின்றது.

“தண்ணியில தேட வேணாம்மா” என்றார் போலீஸ்காரியிடம். “பாலம் வந்துருச்சுல்ல. அதான் போட்டிருக்கா.”