அப்பாவின் சவரக்கத்தி

இன்று மகனுக்கு முடிவெட்டக் கூட்டிப்போன கடையில் ஈரப் படிகாரத்தின் வாசனை வந்ததும், கடலூரில் கடலையொட்டி இருந்த அப்பாவின் சலூன் ஞாபகம் வந்தது. தகரக் கூரை, ரசம் போன கண்ணாடி, தோல்வாரில் அவர் சவரக்கத்தி தீட்டும் சத்தம், அதற்குப் பின்னால் ஓயாத அலைச் சத்தம். சுனாமி கடையையும் அப்பாவையும் கொண்டுபோனது. துருவேறிய கத்தி மட்டும் மணலில் கிடைத்தது.

அதே தொழில் செய்த தாய்மாமா, "சாணை புடிச்சா புதுசாட்டம் ஆயிடும்க்கா" என்றார்.

"வேணாம்டா. அவுரு தீட்டித் தீட்டித் தேஞ்சது. துரு ஜாஸ்தியாவாம எண்ணெ மட்டும் போட்டு வைக்கிறேன்" என்றாள் அம்மா.

சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குக் குடிபோன பிறகும், வெள்ளிக்கிழமைதோறும் துணியைப் பிரித்து, தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி சுற்றி வைப்பாள்; யாரையும் தொடவிட மாட்டாள்.

நான் ஒன்பதாவது படித்தபோது மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவே கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தீட்டுடா. ஒனக்கு மாப்ள சவரம் இதுலதான்."

துரு போன இடங்களில் கரும்புள்ளிகள் நின்றுவிட்டன. அப்பா தீட்டித் தேய்ந்த வளைவு அப்படியே இருந்தது. மாமாவின் கூட்டாளி சவரம் செய்து முடித்ததும், அம்மா மாமாவின் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அவுரு பண்ணாப்லயே இருக்குடா" என்றாள்.

அதன்பிறகு கத்தி மாமாவின் கடையிலேயே இருந்தது.